இலவசப் பேருந்து ஓடிய ஊர்



1994 நவம்பர் 7, திங்கட்கிழமை. இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள டார்லிங்டன் என்னும் நகரில் ஒரு பேருந்து நிறுவனம் கட்டணம் வாங்காமல் வண்டிகளை ஓட்டத் தொடங்கியது. அது வெள்ளக் காலமன்று, பஞ்ச காலமுமன்று. அதே வழித்தடங்களில் நகராட்சிக்குச் சொந்தமான போக்குவரத்து நிறுவனத்தின் பேருந்துகள் கட்டணம் வாங்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன. 1904இல் மின்சார டிராமில் தொடங்கி, டிராலி பஸ்ஸாக மாறி, பின்னர் டீசல் பேருந்தாகி, அந்நகர மக்களை மூன்று தலைமுறையாக ஏற்றிச் சென்ற நிறுவனம் அது. இப்போது ஒரே சாலையில், ஒரே நிறுத்தத்தில், முன்னால் வருவது இலவசம், பின்னால் வருவது காசுக்கு. நகராட்சி நிறுவனம் அந்த வெள்ளிக்கிழமையைத் தாண்டவில்லை.

மதரஸாவில் கொடுக்கல் வாங்கல் பாடம் நடக்கும் நாட்களில் இந்த நிகழ்ச்சியை மாணவர்களுக்கு நான் சொல்வதுண்டு. அதன் காரணம் பின்னால் வரும். அதற்கு முன், ஒரே பாதையில் இரு முதலாளிகளின் வண்டிகள் ஓடும்போது என்ன நிகழ்கிறது என்பதன் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்த்துவிடலாம்.

உண்மையில் இதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் நம் மக்களுக்கு இல்லை. தனியார் பேருந்துகள் ஓடும் எந்த ஊரின் பேருந்து நிலையத்திலும் இதைக் காணலாம். தனக்குரிய நேரம் முடிந்தும் நகராமல் நிற்கும் வண்டி, அதன் பின்னால் ஹாரனை அழுத்திக்கொண்டே நிற்கும் அடுத்த வண்டி, இரண்டு நிமிடத்திற்காக டைம் கீப்பர் முன்னிலையில் நடக்கும் வாய்ச்சண்டை, அதன்பின் சாலையில் நடக்கும் பந்தயம். உள்ளே அமர்ந்திருக்கும் தாய்மார்கள் ஓதிக்கொண்டே வருவார்கள். இந்தப் பந்தயத்திற்கு ஏறத்தாழ 200 வயது ஆகிறது. அது மோட்டார் வண்டி பிறப்பதற்கு முன்பே, குதிரைகள் இழுத்த காலத்திலேயே லண்டன் மாநகரில் தொடங்கிவிட்டது.

குதிரைகளின் காலம்

ஜார்ஜ் ஷில்லிபியர் என்பவர் வண்டி கட்டும் தொழிலாளர். பாரிஸ் நகரில் தொழில் செய்தபோது அங்கே பொதுமக்களை ஏற்றிச் செல்லும் பெரிய வண்டிகளைக் கண்டார். 1829 ஜூலை 4 அன்று லண்டனில் பாடிங்டனிலிருந்து பேங்க் பகுதி வரை அதே போன்ற வண்டியை ஓட்டினார். மூன்று குதிரைகள் இணையாக இழுத்தன. 22 பேர் அமரலாம். முன்கூட்டி இடம் பிடிக்க வேண்டியதில்லை. வழியில் கைகாட்டி ஏறலாம், வேண்டிய இடத்தில் இறங்கலாம். அதற்கு 'ஆம்னிபஸ்' என்று பெயர். 'எல்லோருக்கும்' என்பது அந்த லத்தீன் சொல்லின் பொருள். (நம் நாட்டில் இரவில் சென்னைக்கு ஓடும் உயர் கட்டண வண்டிகளுக்கு அந்தப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்பது தனி வேடிக்கை.)

நல்ல வருமானம் வரும் பாதையை எவரும் தனியே அனுபவிக்க விடமாட்டார்கள். அதே சாலையில் பலர் வண்டி இறக்கினர். 1831 ஆகும்போது நெரிசல் தாங்காமல், உரிமையாளர்களே ஒன்றுகூடி வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள உடன்படிக்கை செய்ய வேண்டியதாயிற்று. லண்டனுக்கு ஆம்னிபஸ்ஸைக் கொண்டுவந்த ஷில்லிபியரோ கடனில் மூழ்கிச் சிறை சென்றார். பிற்காலத்தில் அவர் பிழைத்தது சவ ஊர்வல வண்டிகளைக் கட்டி.

அக்காலத்து வண்டிக்காரர்களிடம் ஒரு குழூஉக்குறி இருந்தது: 'செவிலி பார்த்தல்'. புதிதாக ஒருவன் தம் பாதையில் வண்டி விட்டால், அவனுடைய வண்டிக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகத் தம் வண்டிகளை ஓட்டுவார்கள். முன்வண்டி நிறுத்தத்தில் நிற்பவர்களை அள்ளிக்கொள்ளும். அதன்பின் ஓடி வருபவர்களைப் பின்வண்டி பார்த்துக்கொள்ளும். நடுவில் அகப்பட்டவனுக்குக் குதிரைத் தீவனச் செலவுகூட மிஞ்சாது. பார்ப்பவருக்கு நோயாளியை இருபுறமும் தாங்கிச் செல்வது போலத் தோன்றும். சில வாரங்களில் அந்த நோயாளி இருக்கமாட்டான். 1855இல் பாரிஸில் பதிவு செய்யப்பட்ட ஒரு பெரும் நிறுவனம், லண்டனின் சிறு உரிமையாளர்களை ஒருவர் பின் ஒருவராக விலைக்கு வாங்கி, ஜெனரல் ஆம்னிபஸ் கம்பெனி என்ற பெயரில் பெரும்பாலான தடங்களைத் தன் வசமாக்கியதும்தான் அந்தத் தலைமுறையின் போட்டி ஓரளவு ஓய்ந்தது.

போட்டி ஏன் இப்படிக் கோணலாகிறது?

துணிக்கடைப் போட்டியும் பேருந்துப் போட்டியும் ஒன்றல்ல. வணிகம் செய்யும் குடும்பங்கள் நம் வாசகர்களில் மிகுதி என்பதால் இதைச் சற்று விளக்க விரும்புகிறேன். இரண்டு துணிக்கடைகள் அடுத்தடுத்து இருந்தால், வாடிக்கையாளர் உள்ளே போய்ப் பார்ப்பார், விலை கேட்பார், பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குச் செல்வார். இன்று விற்காத துணி நாளை விற்கும். பேருந்தின் சரக்கு அப்படிப்பட்டதன்று. வண்டி நிறுத்தத்தை விட்டு நகர்ந்த நொடியில் காலி இருக்கையின் விலை பூஜ்ஜியம். அதை எடுத்து வைத்து மறுநாள் விற்க முடியாது. பயணியும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. வெயிலில் நிற்பவர் எது முதலில் வருகிறதோ அதில் ஏறுவார். பின்னால் வருவது சுத்தமானது, பத்துக் காசு மலிவானது என்று சொன்னாலும் காத்திருக்கமாட்டார்.

ஆகவே இத்தொழிலில் வெற்றி என்பது நல்ல வண்டி ஓட்டுவதைக் காட்டிலும், எதிரியின் வண்டிக்கு ஒரு நிமிடம் முன்னால் நிறுத்தத்திற்கு வருவதில் அடங்கிவிடுகிறது. ஒரு நிறுவனம் எட்டு மணிக்கு வண்டி எடுத்தால் மற்றது 7.58க்கு எடுக்கும். முதலாவது 7.56க்கு மாற்றும். இருவரும் மாற்றி மாற்றி நகர்த்தியபின், எட்டு மணிக்குள் நான்கு வண்டிகள் வந்துபோகும். எட்டு மணியிலிருந்து அரை மணி நேரம் ஒன்றுமிராது. கூட்டம் சேரட்டும் என்று ஒரு வண்டி ஊர்ந்து செல்லும். பின்னால் எதிரி தென்பட்டதும் நிறுத்தங்களைத் தாண்டிப் பறக்கும். ஓட்டுநரும் நடத்துநரும் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. வசூலில் அவர்களுக்குப் படி என்று முதலாளி வைத்துவிட்டால் போதும்.

இன்னொன்றும் உண்டு. போட்டி எப்போதும் கூட்டமுள்ள தடத்தில்தான் நடக்கும். ஊருக்கு வெளியே இருக்கும் காலனிக்கோ, இரவு ஒன்பது மணிக்கோ, ஞாயிற்றுக்கிழமை காலையில் மருத்துவமனைக்கோ வண்டி விட எவரும் போட்டியிடுவதில்லை. கூட்டமுள்ள தடத்தில் கிடைக்கும் மிச்சத்தைக் கொண்டே பழைய நிறுவனங்கள் அந்த நஷ்டத் தடங்களை ஓட்டிவந்தன. அந்த மிச்சம் போட்டியில் கரைந்தால் முதலில் நிற்பது காலனி வண்டி.

1922 முதல் 1939 வரை

முதல் உலகப் போர் முடிந்து ராணுவத்திலிருந்து திரும்பிய பல இளைஞர்களுக்கு மோட்டார் ஓட்டத் தெரிந்திருந்தது. கையில் சிறிது பணமும் இருந்தது. 1922 ஆகஸ்ட் 5 அன்று ஆர்தர் பார்ட்ரிட்ஜ் என்பவர் 'சாக்லேட் எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் பழுப்பு நிறப் பேருந்து ஒன்றை லண்டனின் 11ஆம் எண் தடத்தில் இறக்கினார். ஜெனரல் கம்பெனி உடனே தன் வண்டிகளை அதற்கு முன்னும் பின்னும் அனுப்பியது. குதிரைக் காலத்துச் செவிலி வேலை மறக்கப்படவில்லை. ஆனால் இம்முறை மக்களின் பரிவு சிறிய முதலாளியின் பக்கம் இருந்தது. இரண்டே ஆண்டுகளில் இத்தகைய தனி வண்டிகள் நூற்றுக்கணக்கில் பெருகின. அவற்றுக்குக் 'கடற்கொள்ளைப் பேருந்துகள்' என்று பெயர் வந்தது. கூட்டம் இருக்கும் தெருவுக்குத் தடத்தை மாற்றிக்கொள்வதும், பாதி வழியில் பயணிகளை இறக்கிவிட்டு வந்த வழியே திரும்புவதும் அவற்றில் சிலவற்றின் வழக்கம்.

அவர்களில் நேர்மையாகத் தொழில் செய்தவர்களும் இருந்தனர், வண்டியைப் பளபளவென்று வைத்திருந்தவர்களும் இருந்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஜெனரல் கம்பெனியின் அலட்சியத்திற்கு அவர்கள் ஒரு பதிலாகவும் அமைந்தார்கள். இருப்பினும் டிராம்களின் வருமானத்தை இப்பேருந்துகள் பறித்தன. டிராம் தொழிலாளரின் ஊதிய உயர்வுக்குப் பணமில்லை என்றாயிற்று. 1924 மார்ச்சில் லண்டன் டிராம்கள் வேலைநிறுத்தத்தால் நின்றன. அவ்வாண்டே லண்டன் போக்குவரத்துச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட தெருக்களில் இதற்குமேல் வண்டி கூடாது என்ற வரம்பு ஏற்பட்டது. 1933 ஜூலை 1 முதல் லண்டனின் பேருந்து, டிராம், சுரங்க ரயில் யாவும் ஒரே பொது வாரியத்தின் கீழ் வந்தன. சாக்லேட் எக்ஸ்பிரஸ்ஸின் கதையும் அதோடு முடிந்தது.

லண்டனுக்கு வெளியே 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அந்த வேலையைச் செய்தது. ஒவ்வொரு தடத்திற்கும் உரிமம் பெற வேண்டும்; புதிதாகக் கேட்பவர் அத்தடத்தில் வண்டி தேவை என்று போக்குவரத்து ஆணையர் முன் நிறுவ வேண்டும்; ஏற்கெனவே ஓட்டுபவர் ஆட்சேபிக்கலாம்; கட்டணமும் ஆணையரின் கண்காணிப்பில் இருக்கும். நம் நாட்டிற்கும் இதே சிந்தனைதான் வந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் இயற்றப்பட்ட 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், ஸ்டேஜ் கேரியேஜ் பர்மிட் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இன்றளவும் நம் ஊர்களில் 'ரூட் பர்மிட்' என்ற சொல்லுக்கு இருக்கும் கனமும், அதை ஒட்டிய வழக்குகளும், அதைக் கைமாற்றும்போது பேசப்படும் தொகைகளும் அங்கிருந்து வந்தவை. பந்தயத்தை ஒழிக்க வந்த உரிமம், உரிமம் வைத்திருப்பவரின் சோம்பலுக்கும் அதிகாரியின் கைக்கும் இடம் கொடுத்தது என்பதை நம் நாட்டு அனுபவம் கொண்டு எவரும் மறுக்கமுடியாது.

கதவு திறக்கப்பட்டது

55 ஆண்டுகள் கழித்து பிரிட்டனின் அரசு அந்த உரிமமுறையைக் கைவிட்டது. மார்கரெட் தாட்சர் பிரதமர். நிக்கோலஸ் ரிட்லி போக்குவரத்து அமைச்சர். மக்கள் கார் வாங்கிவிட்டனர், பேருந்தில் கூட்டம் குறைந்துகொண்டே போகிறது, நகராட்சிகள் மானியம் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. போட்டி வந்தால் செலவு குறையும், புதிய சேவைகள் தோன்றும் என்பது அவர்கள் வாதம். 1985ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டப்படி, 1986 அக்டோபர் 26 முதல், லண்டன் நீங்கலாக, எந்தத் தடத்திலும் எந்த நிறுவனமும் 42 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துப் பேருந்து ஓட்டலாம். தேவை இருக்கிறதா என்று எவரும் கேட்கமாட்டார். நகராட்சிகள் தம் பேருந்துத் துறையைத் தனி நிறுவனமாக்கிவிட வேண்டும். தேசியப் பேருந்து நிறுவனம் எழுபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக விற்கப்பட்டது.

லண்டனை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அங்கே தடத்தையும் நேரத்தையும் கட்டணத்தையும் பொது அமைப்பே முடிவு செய்து, ஓட்டும் வேலைக்கு மட்டும் டெண்டர் விடும் முறை நிலைத்தது. பிற்காலத்தில் லண்டனில் பயணிகள் பெருகினர். மற்ற நகரங்களில் குறைந்துகொண்டே வந்தனர். லண்டனில் அரசு கொட்டிய பணமும் இதற்கு ஒரு காரணம் என்பதால், இந்த ஒரு ஒப்பீட்டை வைத்து வழக்கை முடித்துவிடுவது நேர்மையாகாது. ஆனால் கிளாஸ்கோவிலும் மான்செஸ்டரிலும் நகர மையத் தெருக்களில் பாதி காலியான பேருந்துகள் சங்கிலிபோல் கோர்த்து நின்ற காட்சி பலரையும் யோசிக்க வைத்தது.

இந்தத் திறந்த களத்தில் வளர்ந்தவற்றுள் ஸ்டேஜ்கோச் முக்கியமானது. ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் ஒரு பேருந்து ஓட்டுநரின் பிள்ளைகளான அக்காளும் தம்பியும், ஆன் க்ளோக், பிரையன் சூட்டர் என்போர், 1980இல் தொடங்கிய சிறு நிறுவனம் அது. அப்போது அதுவே பெரியவர்களை எதிர்த்து நின்ற சிறியது. 1993இல் பங்குச் சந்தைக்கு வந்தது. 1994 ஜூலையில் நியூகாசிலைச் சேர்ந்த பஸ்வேஸ் நிறுவனத்தை வாங்கியது. டார்லிங்டன் அங்கிருந்து தெற்கே சற்றுத் தொலைவில்தான்.

டார்லிங்டனில் நடந்தது

1825இல் ஸ்டாக்டன் - டார்லிங்டன் ரயில்பாதை திறக்கப்பட்டதால் உலக வரலாற்றில் இடம்பெற்ற நகரம் அது. 1986க்குப் பின் அங்கேயும் போட்டி வந்தது. அந்நகரையே தலைமையிடமாகக் கொண்ட யுனைட்டெட் நிறுவனம் நகராட்சி நிறுவனத்தோடு மோதியது. நகராட்சி நிறுவனம் நஷ்டத்தில் இறங்கியது. 1994இல் அதை விற்றுவிட நகராட்சி முடிவு செய்து விலைப்புள்ளி கோரியது. கேட்டவர்களில் பஸ்வேஸும் ஒன்று. ஆனால் யார்க்‌ஷயர் டிராக்‌ஷன் என்ற நிறுவனம் முன்னணியில் தேர்ந்தெடுக்கப்பட்டது.

அதன்பின் நடந்தவை விரைவாக நடந்தன. நகராட்சி நிறுவனம் ஓட்டிய தடங்களிலேயே தானும் ஓட்டப்போவதாக பஸ்வேஸ் பதிவு செய்தது. நகராட்சி நிறுவனத்தின் ஓட்டுநர்களுக்கு 1,000 பவுண்டு முன்தொகையும், 3 ஆண்டு வேலை உறுதியும் தருவதாக அழைத்தது. விற்பனை முடிந்தால் தம் வேலை என்னவாகுமோ என்று கலங்கியிருந்த ஓட்டுநர்கள் பெரும்பாலோர் சென்றனர். குடும்பத்தை வைத்துக்கொண்டு அவர்களைக் குறை சொல்ல என் மனம் ஒப்பவில்லை. வண்டிகள் நின்றன, ஓட்ட ஆளில்லை. மீதமிருந்த தடை ஒன்றுதான்: 42 நாள் முன்னறிவிப்பு. சட்டத்தின் பார்வையில் அது கட்டணம் வாங்கும் சேவைக்கு உரிய விதி. கட்டணமே வாங்காவிட்டால் காத்திருக்க வேண்டியதில்லை. நவம்பர் 7இல் இலவச வண்டி ஓடியதன் பின்னணி இதுதான்.

வாங்க வந்த யார்க்‌ஷயர் டிராக்‌ஷன் விலகிக்கொண்டது. ஓட்டுநரும் பயணியும் இல்லாத நிறுவனத்தை யார் வாங்குவார்? நவம்பர் 11 அன்று நகராட்சி நிறுவனம் நொடிப்பு நிர்வாகியின் கைக்குப் போயிற்று. விற்றிருந்தால் நகரமக்களின் பொதுநிதிக்கு வந்திருக்கக்கூடிய பணம் வரவில்லை.

திராட்சை விற்ற தோழர்

இந்த இடத்தில் பாடத்தை நிறுத்தினால் மாணவர் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "ஹஜ்ரத், சும்மா ஏற்றிச் சென்றது ஏழைகளுக்கு நல்லதுதானே? விலையைக் குறைப்பது எப்படித் தவறாகும்?"

சரியான கேள்வி. நம் முன்னோர்களிடமும் இக்கேள்வி இருந்தது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில், வியாபாரம் பற்றிய பகுதியில் ஓர் அறிவிப்பு உண்டு. பத்ருப் போரில் கலந்துகொண்ட நபித்தோழர் ஹாத்திப் இப்னு அபீ பல்தஆ (ரலி) மதீனாவின் சந்தையில் உலர்ந்த திராட்சை விற்றுக்கொண்டிருந்தார். கலீஃபா உமர் (ரலி) அவ்வழியே வந்தார். விலையை உயர்த்தும்படியும், இல்லையேல் சந்தையை விட்டு எடுத்துச் செல்லும்படியும் கூறினார். உயர்த்தச் சொன்னவர் உமர் (ரலி) என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். விலை ஏறினால் துடித்துப் போகும் ஆட்சியாளர் அவர்.

வேறொரு தொடர்வழியில் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) வாயிலாக வரும் அறிவிப்பில் காரணமும் தொடர்ச்சியும் உள்ளன. தாயிஃபிலிருந்து திராட்சை ஏற்றிய வணிகக் கூட்டமொன்று மதீனாவுக்கு வந்துகொண்டிருப்பதாக உமர் (ரலி) அவர்களுக்குத் தகவல் கிடைத்திருந்தது. சந்தையில் ஹாத்திப் சொல்லும் விலையே அவர்களுக்கும் அளவுகோலாகிவிடும். சந்தையில் வேண்டாம், வீட்டில் வைத்து விரும்பியபடி விற்றுக்கொள்ளுங்கள் என்றார். திரும்பிச் சென்றபின் தமக்குள் யோசித்தார். பிறகு ஹாத்திப் அவர்களின் வீட்டிற்கே சென்று, தாம் சொன்னது தீர்ப்போ கட்டளையோ அன்று, ஊர்மக்களின் நன்மை கருதிச் சொன்னது மட்டுமே, எங்கும் எவ்விதமும் விற்கலாம் என்று தெரிவித்தார்.

இவ்விரு அறிவிப்புகளை ஒட்டி மத்ஹபுகளிடையே நீண்ட விவாதம் நடந்தது. சந்தையின் பொது விலையைக் கெடுப்பவரை, மற்றவர்களோடு சேர்ந்துகொள்ளும்படி அல்லது விலகிச் செல்லும்படி சொல்லலாம் என்பது மாலிக் (ரஹ்) அவர்களின் போக்கு. அவர் கருதியது விலை குறைப்பவரையா, கூட்டுபவரையா என்பதில் பக்தாதிலும் பஸராவிலும் இருந்த மாலிக்கி அறிஞர்களே வேறுபட்டனர். ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ, தம் பொருளின் மீது மக்களுக்கே அதிகாரம், விலையில் ஆட்சியாளர் கைவைக்கலாகாது என்றார். விலையேற்றத்தின்போது விலை நிர்ணயிக்கும்படி கேட்கப்பட்ட நபி (ஸல்) அவர்கள் அதைச் செய்ய மறுத்த ஹதீஸும் இதற்குத் துணையாகக் காட்டப்படுகிறது. பின்னர் இப்னு தைமிய்யா (ரஹ்) தம் ஹிஸ்பா நூலில் இவ்விவாதத்தை விரிவாக எடுத்தாண்டார்.

என் எளிய புரிதலில், உமர் (ரலி) அவர்களின் இரு நிலைகளும் முரண்பட்டவையல்ல. முதலில் அவர் பார்த்தது விலையை மட்டுமன்று. வழியில் வந்துகொண்டிருந்த வணிகக் கூட்டத்தையும் பார்த்தார். அவர்கள் நஷ்டப்பட்டால் அடுத்த ஆண்டு தாயிஃபிலிருந்து யார் திராட்சை கொண்டுவருவார்? பிறகு அவர் பார்த்தது ஹாத்திபை. அவரிடம் அத்தகைய நோக்கம் இல்லை. தம் பொருளை விற்கும் மனிதர், அவ்வளவே. விலை குறைவது வேறு, பிறர் சந்தைக்கே வராதபடி செய்வதற்காகக் குறைப்பது வேறு. இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும் என்பதில் இருக்கிறது நீதிபதியின் சங்கடம்.

தாமதமாக வந்த தீர்ப்பு

பிரிட்டனின் ஏகபோக, இணைப்பு ஆணையத்திற்கும் அதே சங்கடம்தான். டார்லிங்டனில் நடந்தது ஒவ்வொன்றாகப் பார்த்தால் சட்டப்படி சரியானது. ஓட்டுநரை வேலைக்கு எடுப்பது குற்றமன்று. தடத்தைப் பதிவு செய்வது உரிமை. இலவசமாக ஏற்றிச் செல்வதைத் தடுக்கும் சட்டம் கிடையாது. நகராட்சி நிறுவனம் ஏற்கெனவே நலிந்திருந்தது என்பதும் உண்மை. ஆயினும் எல்லாம் சேர்ந்து ஒரே வாரத்தில் ஒரே இலக்கை நோக்கிச் சென்றன. 1995 ஆகஸ்ட்டில் வெளியான அறிக்கையில் ஆணையம் அச்செயல்களை வேட்டையாடும் தன்மை கொண்டவை, வருந்தத்தக்கவை, பொதுநலனுக்கு விரோதமானவை என்று வகைப்படுத்தியது. ஒரு பெரிய நிறுவனத்தைப் பற்றி இவ்வளவு கடுமையான சொற்கள் அரசு அறிக்கையில் வருவது அரிது.

அதற்குமேல் ஒன்றும் செய்ய இயலவில்லை. அன்று நடப்பிலிருந்த 1973ஆம் ஆண்டின் சட்டம், நடந்து முடிந்த செயலுக்கு அபராதம் விதிக்க அதிகாரம் தரவில்லை. இனிமேல் இப்படி நடக்காமலிருக்க உறுதிமொழி கேட்கலாம். அறிக்கை வந்தபோது நகராட்சி நிறுவனம் மூடப்பட்டு ஒன்பது மாதங்களாகியிருந்தன. அபராதம் விதிக்கும் அதிகாரம் 1998ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தின் மூலமே வந்தது. சந்தையில் நடந்து சென்று, அன்றே பார்த்து, அன்றே பேசி, தவறு என்று தோன்றியதும் அன்றே வீடு தேடிச் சென்று திருத்திக்கொண்ட ஆட்சியாளரை நினைக்காமல் இந்த ஒன்பது மாதங்களைப் படிக்க என்னால் முடிவதில்லை.

பழைய உரிமமுறையே மேல் என்று இதனால் சொல்ல வரவில்லை. அதன் குறைகளை மேலே குறிப்பிட்டேன். பிரிட்டனில் இப்போது மூன்றாவது வழியொன்றைத் தேடுகிறார்கள். 2017ஆம் ஆண்டின் பேருந்துச் சேவைகள் சட்டம், லண்டனில் உள்ளது போன்ற டெண்டர் முறையை மற்ற பெருநகரங்களின் மேயர்களும் கொண்டுவர வழி செய்தது. மான்செஸ்டர் வட்டாரம் முதலில் முன்வந்தது. ஸ்டேஜ்கோச்சும் இன்னொரு நிறுவனமும் தொடுத்த வழக்கு 2022இல் தள்ளுபடியானது. 2023 செப்டம்பர் 24 முதல் 2025 ஜனவரி 5 வரை மூன்று கட்டங்களாக அங்குள்ள பேருந்துகள் யாவும் மஞ்சள் நிறத்தில் ஒரே பெயரின் கீழ் வந்தன. தடமும் நேரமும் கட்டணமும் பொது அமைப்பின் பொறுப்பு. ஓட்டும் வேலை நிறுவனங்களுடையது. நிறுவனங்கள் டெண்டர் மேசையில் மோதிக்கொள்கின்றன, நிறுத்தத்தில் மோதுவதில்லை. தெருவில் நின்று பயணிக்காகப் பந்தயம் ஓட எந்த ஓட்டுநருக்கும் காரணமில்லை. இது நீண்டகாலம் நிலைக்குமா, மானியம் எவ்வளவு ஆகும் என்பதையெல்லாம் இன்னும் சில ஆண்டுகள் கழித்தே மதிப்பிட முடியும். அதே 2017 சட்டம், நகராட்சிகள் புதிதாகத் தமக்கென்று பேருந்து நிறுவனம் தொடங்குவதைத் தடை செய்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

டார்லிங்டனில் நகராட்சி நிறுவனம் போனபின் ஸ்டேஜ்கோச்சும் யுனைட்டெடும் எஞ்சின. யுனைட்டெட் பின்னர் அர்ரைவா என்ற பெருநிறுவனத்தின் பகுதியாயிற்று. இரண்டும் சில ஆண்டுகள் அதே தெருக்களில் ஓடின. 2007இல் ஸ்டேஜ்கோச் தன் டார்லிங்டன் சேவைகளை அர்ரைவாவுக்கு விற்றுவிட்டு அந்நகரை விட்டு வெளியேறியது.